சூசையப்பர் மேசைக்குச் சோம்பு பிஸ்கோத்து

6 மார்ச் 1957, புதன்

சாம்பல் புதன். வெயில் கொளுத்துகிறது. நெற்றியில் வைத்த சாம்பல் கோயிலை விட்டு வெளியே வருவதற்குள் வியர்வையில் கரைந்து மூக்குக்கு இறங்கிவிட்டது.

பூசை முடிந்ததும் மாதா சபைத் தலைவி ஆக்னஸ் அக்கா முறை சொன்னார். இந்த மாதம் அர்ச். சூசையப்பர் மாதம். அவர் சிலை, அதான் சுரூபம், வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். செபமாலை, பாட்டு, ஏதாவது பலகாரம். 19ஆம் தேதி அவருடைய திருநாள். அன்றைக்கு எங்கள் வீடு!

என் வீட்டுக்காரர் பெயரும் சூசை. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் தச்சு வேலை, சூசையப்பரும் தச்சர்தானே. பெயரும் பொருத்தம், தொழிலும் பொருத்தம் என்று சாமியாரே சொன்னாராம். நான் ஞானஸ்நானம் வாங்கி இவரைக் கட்டிக்கொண்டு ஒன்பது வருடம். எங்கள் வீட்டுக்குச் சுரூபம் வருவது இதுதான் முதல் தடவை. இவர் வரும் வழியெல்லாம் சீட்டியடித்தார். நோன்பிருக்கும் தபசு காலத்தில் சீட்டி.

எல்லார் வீட்டிலும் சுண்டல், முறுக்கு. நான் சிஞ்ஞோராவின் சோம்பு பிஸ்கோத்து சுடப்போகிறேன். தீர்மானம்.

7 மார்ச், வியாழன்

தேக்கா சந்தையில் வாங்கியது: மாவு, சீனி, முட்டை, டின் வெண்ணெய், எலுமிச்சை, சோம்பு. வாங்க மறந்தது: இவருடைய பல்பொடி.

சிஞ்ஞோரா என்றால் இத்தாலிக்காரர்கள் பாஷையில் அம்மா, துரைசானி மாதிரி. காத்தோங்கில் கப்பல் எஞ்சினியர் வீடு. அந்த அம்மாவுக்குச் சமையற்கட்டில் இரண்டு வருடம் கூடமாட வேலை செய்தேன். போன வருடம் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். எங்கள் பேச்செல்லாம் இரண்டு பேருக்குமே சரியாக வராத சந்தை மலாயில்தான். 19ஆம் தேதி வந்தால் சூசையப்பருக்கு மேசை போட்டு இந்தப் பிஸ்கோத்தைக் குவித்து வைப்பார். யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டதற்கு, "பிந்து புக்கா. சியாப்பா சியாப்பா போலே மாசோ" என்றார். கதவு திறந்திருக்கட்டும், யார் வேண்டுமானாலும் வரலாம். தபால்காரர் உட்பட எல்லாரும் வந்தார்கள்.

அவருக்கு ஊரிலிருந்து சின்னப் புட்டியில் சோம்பு வாசனைத் தண்ணீர் வரும். எனக்கு எந்த ஊரிலிருந்து வரும்? அவர்கள் ஊர்ச் சோம்பு பொடிசு, இனிப்பு கூட. நம் சோம்பு அதற்கு ஒன்றுவிட்ட அக்கா. இடித்துப் போட்டால் போகிறது. மேலே தூவ அவர்கள் கலர் கலராகச் சர்க்கரை மணி வைத்திருந்தார்கள். நான் வெற்றிலைக் கடையில் சீனி பூசிய கலர் சோம்பு பார்த்து வைத்திருக்கிறேன். அதைவிட இது நன்றாகவே இருக்கும்.

இவர் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி அடுப்பு செய்து தந்தார். கீழே தணல், மேலே மூடியிலும் தணல். எதிர்வீட்டு மலாய் அம்மா பஹுலு என்கிற முட்டைக் கேக் சுடுவதைப் பார்த்துப் படித்தது.

8 மார்ச், வெள்ளி

வெள்ளோட்டம். முதல் ஈடு அடி கருகல். இரண்டாவது ஈடு பரவாயில்லை. மேல்தணல் குறைக்கணும். எலுமிச்சைச் சாற்றில் சீனிமாவைக் குழைத்து சூட்டோடு தடவினால் வழிந்து ஓடுகிறது, ஆறவிட்டுத் தடவணும். சோம்பை வறுத்து இடித்தது தப்பு. பச்சையாகவே இடிக்கணும். வறுத்ததும் வீடு முழுக்க ஆட்டுக்கறிக் குழம்பு வாசனை!

சிரிப்பு வந்தது. எங்கள் அம்மா வீடு சுத்த சைவம். டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் பின்பக்கம் இருந்தோம். சோம்பு அடுக்களைக்குள் வந்ததே கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து இந்த வாசனை வந்தால் அம்மா படாரென்று ஜன்னலைச் சாத்துவாள். "கறி வேகுது, மூக்கைப் பொத்திக்கோ." சோம்பு என்பதே ஒரு மாமிசம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாடியில் எங்களுக்குப் பக்கத்து அறை விக்டோரியா எட்டிப் பார்த்தாள். "என்ன பிலோமி, வாசனை தூக்குது. விருந்தா?"

"ஆமா. சூசையப்பருக்கு."

ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். மாவு கையோடு இருந்ததால் நான் கண்டுகொள்ளவில்லை. தின்று பார்த்தது ஒருசந்தி நோன்பை முறித்த கணக்கா, தெரியவில்லை.

10 மார்ச், ஞாயிறு

அப்படி ஒரு கோபம். எழுதித்தான் ஆறணும்.

பூசை முடிந்து வாசலில் ஆக்னஸ் அக்காவும் சபைப் பெண்கள் நாலைந்து பேரும். விக்டோரியா தூணுக்குப் பின்னால்.

"பிலோமி, வெள்ளிக்கிழமை உங்க வீட்ல கறி வெந்துச்சாமே?"

வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். சாதாரண நாளிலேயே வெள்ளியன்று கறி தொடக்கூடாது. இது தபசு காலத்து வெள்ளி.

நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"உன்னைத் தப்பு சொல்லல. புதுசா வந்தவங்களுக்குப் பழக்கம் படிய நாளாகும்லா. சுரூபம் இந்த வருஷம் 19ஆம் தேதி எங்க வீட்டுக்கு வரட்டும். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

புதுசா வந்தவள். ஒன்பது வருடம். பாஸ்கா திருவிழாவுக்குக் கோயில் தரை தேய்க்கிறவள் யார்? பீடத்துத் துணி வெளுத்துக் கஞ்சி போடுகிறவள் யார்? அப்போதெல்லாம் பழைய ஆள். அடுப்பில் வாசனை வந்தால் மட்டும் புது ஆள்.

கூத்து என்னவென்றால் அந்தக் கூட்டத்திலேயே கறி தின்னாதவள் நான் ஒருத்திதான். இவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆக்கிப் போடுவேன், முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு. இதுவரை ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. ஒரு வார்த்தை, "அக்கா, அது பிஸ்கோத்து" என்றால் தீர்ந்தது. சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

11 மார்ச், திங்கள்

இவர்: "மீனா, ஒரு தட்டுல நாலு பிஸ்கோத்து எடுத்துட்டுப் போய்க் காமிச்சா முடிஞ்சுது." வீட்டுக்குள் இன்னும் பழைய பெயர்தான்.

"கேட்டாங்களா? என்ன சுட்டேன்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா? தீர்ப்பு சொன்ன பிறகு நான் எதுக்குச் சாட்சி கொண்டு போகணும்?"

"வீம்பு பண்ணாத. நஷ்டம் நமக்குத்தான்."

"இருக்கட்டும்."

சாப்பிடாமல் படுத்தார். நானும். சோறு மிச்சம், தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

13 மார்ச், புதன்

மத்தியானம் இடியோடு மழை. காயப்போட்டது அத்தனையும் நனைந்தது.

சுரூபத்துக்கென்று சுவரோரம் ஒதுக்கிய இடம் காலியாகக் கிடக்கிறது. எனக்கு அவர் வரணும். ஆசைதான். ரொம்ப ஆசை. அதை மறைத்து வீறாப்பாக எழுதினால் இந்த நோட்டுக்கே பொய் சொன்ன மாதிரி. தட்டில் நாலு பிஸ்கோத்து எடுத்து, மேலே துணி போட்டு, படி வரைக்கும் போனேன். மூன்றாவது படியில் விக்டோரியா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தட்டைப் பார்த்து உதட்டோரம் ஒரு சிரிப்பு. திரும்பி வந்துவிட்டேன். நாலையும் நானே தின்றேன்.

சுரூபம் வராவிட்டால் என்ன, மேசை போடுவேன். சிஞ்ஞோரா வீட்டில் மட்டும் சபை முறை போட்டுத் தந்ததா? கதவைத் திறந்து வைத்தார், அவ்வளவுதானே. எனக்கோ அஞ்சடியே இருக்கிறது. கீழே கடைக்கு முன்னால் ஊரே நடந்துபோகும் பாதை. கதவுகூட வேண்டாம்.

15 மார்ச், வெள்ளி

மறுபடியும் வெள்ளோட்டம். நன்றாக வந்தது. உள்ளே மெத்து, வெளியே மொறு. சோம்பு பச்சையாக இடித்தேன். பிஸ்கோத்தில் கறி வாசனை துளியும் இல்லை.

ஆகவே தனியாக ஒரு கை சோம்பு எடுத்து, ஜன்னலோரம் அடுப்பை இழுத்து வைத்து, சிவக்கச் சிவக்க வறுத்தேன். எதிலும் போடுவதற்கு இல்லை. வேண்டுமென்றே.

பக்கத்து அறை ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. அச்சு அசல் அம்மாவேதான்.

16 மார்ச், சனி

பாவசங்கீர்த்தனம். சாமியார் பிரெஞ்சுக்காரர். அவர் தமிழ் புத்தகத் தமிழ்.

"வேறு ஏதேனும் பாவம் உண்டா, மகளே?"

"கோபம், சாமி."

"விட்டுவிடுவாயா?"

"இந்த வாரம் முடியாது, சாமி."

அந்தப் பக்கம் இருமினாரா சிரித்தாரா தெரியாது. "முடிகிற வாரத்தில் வா" என்றார். பாவமன்னிப்பு கிடைக்கவில்லை. நாளை பூசையில் நன்மை அப்பம் வாங்காமல் உட்கார்ந்திருக்கணும், எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

18 மார்ச், திங்கள்

இவர் வேலை முடிந்து பலகைகளோடு வந்தார். சரக்குப் பெட்டி உடைத்த பலகை, மேஸ்திரியிடம் கேட்டு வாங்கியது. கீழே அஞ்சடியில் போட்டு இழைக்க ஆரம்பித்தார். அவராகவே சொன்னார்.

"நாளைக்குச் சுரூபம் தூக்க வரச் சொன்னாங்க. வருஷா வருஷம் முன்பக்கம் வலது தோள் நான்தான்."

"போங்க. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"வர முடியாதுன்னுட்டேன். வீட்ல மேசை வேலை இருக்குன்னு சொன்னேன்." இழைப்புளியை நிறுத்தாமலே சொன்னார். "நேத்து நீ நன்மை வாங்காம உக்காந்திருந்தப்போ ஆக்னஸ் அக்கா திரும்பிப் பார்த்துச்சு பாரு, அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். அழுகை வந்தது. மாவு சலிக்கப் போய்விட்டேன்.

மறக்காமல்: கலர் சோம்பு இன்னும் ஒரு பொட்டலம். பல்பொடி.

19 மார்ச், செவ்வாய். திருநாள்

கால் கடுக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

விடிந்ததிலிருந்து சூடு. சூடு என்றால் இரண்டும்தான், வெயிலும் அடுப்பும். ஈடு ஈடாக இறக்கி இறக்கி இடுப்பு விட்டுப்போயிற்று. மூன்று மணிக்கு மேசை அஞ்சடியில். வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுவத்தி, காலண்டரில் வந்த சூசையப்பர் படம். நடுவில் மலை மாதிரி பிஸ்கோத்து. வெள்ளைப் பாகு, மேலே சிவப்பு, பச்சை, மஞ்சள் சோம்பு.

முதலில் வந்தவர் கீழ்க்கடைச் சீனர். "பெராப்பா?" என்று விலை கேட்டார். விலை இல்லை, எடுங்கள் என்றதும் நம்பாமல் ஒன்று எடுத்தார், அப்புறம் நம்பி மூன்று. எதிர்வீட்டு மலாய் அம்மா பேரப்பிள்ளைகளோடு. கட்டை வண்டிக்காரர்கள். பூக்காரம்மா ஒரு முழம் மல்லிகையைப் படத்துக்குப் போட்டுவிட்டுக் கைநிறைய அள்ளிக்கொண்டார். விக்டோரியாவின் பிள்ளைகள் தூணோரம் நின்று விரல் சூப்பினார்கள். கூப்பிட்டுக் கொடுத்தேன். அம்மாவுக்கு என்று இரண்டு கூட.

ஆறு மணிக்குச் சுரூபம் இந்தத் தெரு வழியாகத்தான் ஆக்னஸ் அக்கா வீட்டுக்கு. பாட்டுச் சத்தம் கேட்டது. இவர் தலைப்பாகையை அவிழ்த்து எழுந்து நின்றார். நானும். ஆசையாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

கூட்டம் நெருங்கியது. முதலில் பிள்ளைகள் வரிசையை விட்டு மேசைக்கு ஓடிவந்தார்கள். பிள்ளைகளைப் பிடிக்க அம்மாக்கள். அம்மாக்கள் கையிலும் பிஸ்கோத்து. பாட்டு தேய்ந்து, கடைசியில் ஆக்னஸ் அக்கா குரல் மட்டும் தனியாக. அதுவும் நின்றது. நடுத்தெருவில் சுரூபத்தைத் தோளில் வைத்தபடி நாலு ஆண்கள்.

அக்கா வந்தார். முகம் சிவந்திருந்தது. ஒரு பிஸ்கோத்தை எடுத்தார். தின்னவில்லை, மோந்து பார்த்தார்.

"இதுவா?"

"இதுதான்."

"அன்னைக்கு?"

"அன்னைக்கும் இதுதான்."

"ஏம்மா நீ ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கல?"

எல்லாரும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். அக்கா பிஸ்கோத்தைக் கையிலேயே உருட்டினார். பாகு விரலில் ஒட்டியது. பிறகு கடித்தார். மென்று முடித்துவிட்டுச் சொன்னார்.

"சரி, தப்பு என்மேல. சுரூபத்தை இப்பவே மேல ஏத்தச் சொல்றேன். எங்க வீட்டுக்கு நாளைக்குப் போகட்டும்."

இவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினார். எனக்கும் நாக்கு நுனியில் ஆமாம்தான் இருந்தது.

"வேணாம்க்கா. வெள்ளிக்கிழமை அனுப்புங்க. வெள்ளிக்கிழமையும் பிஸ்கோத்து சுடுவேன். சோம்பு வறுப்பேன். ஜன்னல் திறந்துதான் இருக்கும், தெரு முழுக்க வாசனை வரும். சம்மதம்னா வரட்டும். இல்லேன்னா எப்பவும் வேணாம்."

அக்கா திரும்பிப் போய்ப் பாட்டை எடுத்தார். சுரூபம் நகர்ந்தது. மேசையில் தூள்தான் மிச்சம்.

இவர் ரொம்ப நேரம் மேசையையே தடவிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் அதிகம்தான், மீனா" என்றார்.

அதிகம்தான்.

21 மார்ச், வியாழன்

சபையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. விக்டோரியா ஒரு கிண்ணம் ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் போனாள். உப்பு கூட. குடித்தோம்.

மாவு வாங்கியாயிற்று. வந்தாலும் சுடுவேன், வராவிட்டாலும் சுடுவேன்.

22 மார்ச், வெள்ளி

மழை வரும்போல் இருக்கிறது. வரவில்லை. முதல் ஈடு உள்ளே. அது வேகும் வரை உட்கார்ந்து எழுதுகிறேன். சோம்பு சிவக்க வறுத்தாயிற்று. ஜன்னல் இரண்டும் திறப்பு. பக்கத்து அறை ஜன்னலும் திறந்துதான் இருக்கிறது. இவர் அரைநாள் லீவு போட்டுவிட்டு, வேலை இருப்பது மாதிரி அஞ்சடியில் சும்மா நிற்கிறார்.

கீழே ஏதோ பேச்சு. இவர் குரல். படியில் கனமான காலடி, ஒருவர் இல்லை, பல பேர்.

"பார்த்து, பார்த்து. மெதுவா ஏத்துங்க, சாமி தலை நிலையில இடிக்கும்." ஆக்னஸ் அக்கா. மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆண்டவரே, என்ன வாசனை!"

இரண்டு நிமிஷம் வெளியே நிற்கட்டும். பிஸ்கோத்து அடி பிடிக்கிறது.