முன்கையில் வழித்த இடம்

12.08.2023, சனிக்கிழமை.

கண் சத்திரசிகிச்சை முடிந்து இன்று இருபதாம் நாள். நாற்பது நாள் தூசியில் நிற்கலாகாது என்பது வைத்தியர் கட்டளை. மனைவி கல்குடாவுக்குப் போயிருந்த வேளையில், மரம் செதுக்கும் கத்தியைத் தீட்டச் சாண்டர் மெஷினில் பிடித்தேன். புதிய கண்ணுக்குத் தீப்பொறிகள் வாவியில் சிந்திய நிலவாகத் தெரிந்தன. நேரம் மறந்து, நனைத்த சாண்ட் பேப்பரிலும் விளிம்பைத் தீட்டினேன். கூர் பார்க்க முன்கை முடியை வழித்தேன், அதுவே பிழை.

மாலையில் திரும்பி வந்து தேநீர் தந்தவள் என் கையைப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க, கையில ஏன் முடியக் காணல்ல? கத்தி தீட்டினீங்களா?"

"ஓம்."

"கண்ணு போனா ஆரு உங்களக் கைபுடிச்சி நடத்துற?"

கண்ணுக்கு மருந்து விட்டாள். துளிக்குள் விளக்கு மிதந்து கலைந்தது. பின்னர் கத்தியை அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். நான் காணவில்லை என்று எண்ணுகிறாள். இருந்த இடத்திலிருந்தே தெளிவாகக் கண்டேன்.