வேட்டிப் பெல்ற்றும் உங்கள் பிஸ்டலும்

சிஞ்ஞோரே,

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கலியாணத்தில் என் மானம் போய்விட்டது. மணவறைக்குப் பக்கத்தில் சம்மணம் கட்டி இருந்தவன், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்க முதலே, நீங்கள் மாதாவைக் கூப்பிடுகிற மாதிரி "மதோன்னா!" என்று கத்திக்கொண்டு துள்ளி எழும்பினேன். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். பாட்டுப் பெட்டிக்குப் பொறுப்பாக நின்றவன் அதைத்தான் சைகை என்று நினைத்துக் கெட்டிமேளத்தைப் போட்டுவிட்டான். சனம் முழுக்க அரிசியை எறிந்தது. தாலி இன்னும் கட்டவில்லை.

"என்னப்பா, குளவி குத்தினதே?" என்று மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

குளவி இல்லை. என் இடுப்பில் கட்டியிருந்த வேட்டிப் பெல்ற்றுக்குள் ஒரு புளியங்கொட்டை. அதை உள்ளே வைத்துத் தைத்தவன் நான்தான். உங்களுக்காகத் தைத்து, மறந்துபோய், நானே அதைக் கட்டிக்கொண்டு கலியாணத்துக்குப் போயிருக்கிறேன்.

நீங்கள் போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. இருந்திருந்தாலும் இந்த மடலை நீங்கள் வாசித்திருக்க மாட்டீர்கள். உங்களுக்குத் தெரிந்த தமிழ் 'போதும்', 'சோறு', 'சரி' மூன்றும்தான். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இத்தாலியன் கதைக்க வரும், எழுத என்றால் கடைச் சாமான் துண்டு மட்டும்தான். அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

நகைக்கடையை நீங்கள் விற்ற வருசம் நான் கால்சாப் பக்கத்தில் இருந்த உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தேன். முதல் நாள் காலை உங்களுக்குச் சேர்ட் போட்டுவிட வந்தால், வலது இடுப்பில் ஒரு சின்னப் பிஸ்டல். நான் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டேன். ஊரில் பழகிய பழக்கம். நீங்கள் சிரித்துச் சிரித்து இருமினீர்கள்.

"கையை இறக்கு, சிவா. சேர்ட்டைப் பிடி."

கடைக்குப் போன காலத்தில் தங்கத்துக்காகக் கட்டியது. கடை போனபின் வெளியே கொண்டுபோகிற அனுமதியும் போய்விட்டது. ஆனால் வீட்டுக்குள் அதைக் கட்டாமல் உங்களுக்குக் கோப்பி இறங்காது. முப்பது வருசமாக அந்தப் பக்கம் பாரம் இருந்ததால், அது இல்லாவிட்டால் சாய்ந்து விழுவேன் என்பீர்கள். எனக்கு அது பகிடியாகத்தான் இருந்தது. ஒருநாள் அதைக் கழற்றி வைத்துவிட்டு நீங்கள் குளியலறைக்கு நடந்ததைப் பார்த்தேன். உண்மைதான், இடது பக்கம் சாய்ந்துதான் நடந்தீர்கள்.

அந்தச் சாமானைப் பற்றி நீங்கள் கதைத்தது, எங்கட ஆட்கள் முழங்கால் வலியைப் பற்றிக் கதைக்கிற மாதிரி. வாங்கும்போது கையில் ஒரு மாம்பழம் அளவுதான் பாரம். மத்தியானம் வர அது பூசணிக்காய். மெல்லிய தோல் பெல்ற் என்றால் தொய்ந்துவிடும், சேர்ட்டுக்கு வெளியே பிடி முட்டித் தெரியும். கதிரையில் இருந்தால் விலா எலும்பில் இடிக்கும். "கிடக்கிறது உனக்கு மட்டும் தெரியோணும்," என்பீர்கள். "மற்றவனுக்குத் தெரிஞ்சால் அது துவக்கு இல்லை, விளம்பரம்." ஆனால் உங்கள் இடுப்பில் ஊதா நிறத்தில் ஒரு தழும்பு. வயது போகப் போகத் தோல் மெலிந்து, அது புண்ணாகவே வந்துவிட்டது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்தால் எப்போதும் ஒரு கரைச்சல்தான். என்னுடைய வேட்டிப் பெல்ற்றைக் கொண்டுவந்தேன்: ஒரு சாண் அகலம், தடித்த துணி. பழைய துவாயை மடித்து உள்ளே வைத்துத் தைத்து, உறையைக் கொழுவ ஒரு பட்டியும் போட்டேன்.

"உங்களுக்கு விசரே? என்ர கலியாணத்துக்குக் கட்டின பெல்ற்றிலையோ துவக்கு?" என்றாள் மனைவி.

நீங்கள் அதைக் கட்டிக்கொண்டு இருந்தீர்கள், எழும்பினீர்கள், குனிந்து செருப்பைப் போட்டீர்கள். "சிவா, ஒண்டும் இல்லாத மாதிரிக் கிடக்கு!" உறையைக் கட்டுவது நான், பிஸ்டலை வைப்பது நீங்கள். அதை நான் ஒருநாளும் தொட்டதில்லை; தொட்டால் இந்த நாட்டில் இருக்க எனக்குத் தந்த பெர்மெஸ்ஸோ போய்விடும் என்று இருவருக்கும் தெரியும்.

முந்தி மத்தியானம் ஒரு மணிக்கு முனகிக்கொண்டு அதைக் கழற்றி இரும்புப் பெட்டியில் பூட்டுவீர்கள். என் பெல்ற் வந்தபின் கழற்ற மறந்தீர்கள். பெயர்கள், கிழமைகள், அடுப்பு எல்லாம் உங்களை விட்டுக் கழன்ற காலமும் அதுதான்.

மாசி மாதத்து ஒரு காலை. எப்போதும் போலத் திறப்பைப் போட்டுத் திறந்து வந்தேன். யன்னல்கள் பூட்டி இருட்டு. விறாந்தை முடிவில் நீங்கள், கையில் பிஸ்டல், எனக்கு நேரே.

"ஆர்?"

"நான், சிஞ்ஞோரே. சிவா."

"எந்தச் சிவா?"

கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினேன். "எள்ளுப் பாண். பலாரோச் சந்தையிலை வாங்கினது. இன்னும் சூடு."

நீங்கள் பாணைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், மெல்ல இறக்கினீர்கள். அரை மணித்தியாலத்தில் கோப்பி குடித்துக்கொண்டு கேட்டீர்கள்: "இண்டைக்கு ஏன் பாண் இப்பிடி நசிஞ்சு கிடக்கு?"

மிலானோவில் இருந்த உங்கள் மகனுக்குப் போன் பண்ணினேன். "எடுத்து ஒளிச்சு வை," என்றார். நான் தொடக்கூடாது என்றேன். "அப்ப பொலிசுக்குச் சொல்லுவம். வந்து பறிப்பினம்." எனக்குக் கண்ணுக்குள் வந்தது: மாடிப்படியில் அயலவர் நிற்க, யாரோ உங்கள் சேர்ட்டைத் தூக்கி இடுப்பில் கை வைக்கிறது. ஒரு கிழமை தாருங்கோ என்று கேட்டேன். அந்தக் கிழமை முழுக்கக் கதவுக்கு வெளியே நின்று, என் பெயரை மூன்று தரம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

தோய்க்க என்று பெல்ற்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். துவாயை உருவினேன். உறை அழுத்துகிற இடத்தில் ஒரு புளியங்கொட்டையை நிமிர்த்தி வைத்துத் தைத்தேன்.

"சிவா, இது குத்துது."

"வயசு, சிஞ்ஞோரே."

"வயசு வலப்பக்கம் மட்டுமே வரும்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. புண்ணில் மருந்து பூசுவதும் நான், புண்ணாக்குவதும் நான். முதல் நாள் பதினொரு மணிக்குக் கழற்றினீர்கள். பிறகு ஒன்பதுக்கு. ஐந்தாம் நாள் கட்டவேயில்லை. பெல்ற்றை மடித்து என் கையில் தந்தீர்கள். "இனி இது எனக்குப் பாரம். பொலிசுக்கு நானே போன் பண்ணுறன். மகன் இல்லை, நான்."

இரண்டு கரபினியேரிப் பொலிஸ்காரர் வந்தார்கள். நீங்கள் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு, கடைக்கு வந்த வாடிக்கையாளரை வரவேற்கிற மாதிரி வரவேற்றீர்கள். கோப்பி கொடுக்கச் சொன்னீர்கள். பெட்டியைத் திறந்து மேசையில் வைத்து, கடதாசியில் கையெழுத்துப் போட்டீர்கள். மூத்தவர் எழும்பி உங்களுக்குக் கை கொடுத்தார். நான் ஆசைப்பட்டது அதற்குத்தான்.

அப்போது நீங்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னீர்கள்: "முப்பது வருசம் சுமந்தன். ஒரு மனுசனுக்கு நேரே ஒருநாளும் நீட்டினதில்லை. நம்பாட்டி இவனைக் கேளுங்கோ. எனக்கு உடுப்புப் போட்டுவிடுறவன், எல்லாம் தெரியும்."

அவர் சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நீங்களும் திரும்பினீர்கள். உங்கள் கண்ணில் ஒரு துளி சந்தேகமும் இல்லை.

"ஒருநாளும் இல்லை," என்றேன்.

அவர்கள் போனபின் என் தோளில் கையை ஊன்றிக்கொண்டு கதிரைக்கு வந்தீர்கள், இடது பக்கம் சாய்ந்து. "என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டீர்கள். கோப்பி கூடிப்போச்சு என்று சொன்னேன்.

ஒருக்கா மட்டும் நீட்டினீர்கள், சிஞ்ஞோரே. என்னை ஆரெண்டு உங்களுக்குத் தெரியாமல் போன அண்டைக்கு. அதை மட்டும் நான் சொல்லவில்லை.