நடுவருக்கு விழுந்த அடி

ஞாயிற்றுக்கிழமை, இரவு

இன்று குருவிநத்தம் கபடிப் போட்டியில் அக்கா வீட்டுக்காரரை அடித்துப் போட்டுவிட்டார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஞாயிறானால் இரண்டு பெண்களுக்கும் தலை பின்னிவிட்டு நடுவராகக் கிளம்பிவிடுவார். டீக்காசு கூட வாங்கமாட்டார்.

எங்கள் ஊர் டீமுக்குப் பனியன் என் உரக்கடை கொடுத்தது. கடைசி ரெய்டில் எங்கள் ஆள் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். கபடி பாடுகிறபோது நடுவில் மூச்சு விட்டான், அவுட் என்று மாமா விசில் ஊதினார். மூச்சு விட்டது எனக்கும் கேட்டது. கோப்பை போன கடுப்பில் நாற்காலியில் இருந்தபடியே கத்தினேன்.

"இன்னா மாமா, அந்தூர்க்காரன்கிட்ட எவ்ளோ வாங்கின?"

மச்சானே சொல்கிறான் என்றதும் கூட்டத்துக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"போடுறா அந்தாள!"

விசில் வாயில் இருக்கும்போதே ஒருவன் குத்தினான். இரண்டு பல் போய், உதடு கிழிந்து தொங்கியது. கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள். நான் ஓடிப்போய் நாற்காலியை ஒருவன் முதுகில் போட்டு உடைத்தேன். அதன் உடைந்த காலால் இன்னொருவன் மூக்கில் அடித்தேன். அப்புறம்தான் விலகினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அக்கா ஓடிவந்தாள். "எவன் மொதல்ல ஆரம்பிச்சது?"

மாமா என்னைப் பார்த்தார். தையல் போட்ட வாயால், "தெர்ல, கூட்டம்" என்றார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ மட்டும் இல்லன்னா இவர கொன்னே போட்டிருப்பானுங்கடா தம்பி."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.