பானெட்டில் முப்பது சென்டிமீட்டர்

நாள் 211, 06:10. பணிமனை

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் ஜெபராஜ். நிலாக் குகைப் பந்தயத் தடத்தில் ஏழாம் எண் காரின் பொறியாளன். ஆறுதல் சொல்ல வேண்டாம், படித்தால் போதும்.

குகைக்குள் அடைத்திருக்கும் நைட்ரஜனின் அடர்த்தி பூமிக் காற்றில் பாதி. அதனால் ரேடியேட்டர் வழியே இரண்டு மடங்கு காற்று போயாக வேண்டும். ரேடியேட்டர் முன்பக்கம், சாய்வாக. மூக்குத் திறப்பிலிருந்து அதுவரை தகரக் குழாய். விளிம்பெல்லாம் நுரை வைத்து அடைத்தாயிற்று. கசிவு இல்லை.

நாள் 211, 09:40

பதினெட்டு நாள் முன்பு என் மனைவி பெனிட்டா இதே வடிவக் காரில் இறந்தாள். ஒன்பதாம் சுற்றில் பேட்டரி கொதித்து வெடித்தது. அறிக்கையில் ஒரே வரி: ஓட்டுநர் எச்சரிக்கையை மதிக்கவில்லை. நாளை இந்தக் காரை நஸ்ரின் ஓட்டுகிறாள். இருபத்திரண்டு வயது.

நாள் 211, 11:25

பானெட் முழுக்க நூல் துண்டுகளை ஒட்டிச் சோதனை ஓட்டம். சூடான காற்று வெளியேறும் திறப்பு, முன்கண்ணாடியின் அடியை ஒட்டி இருக்கிறது. வேகத்தில் காற்று கண்ணாடியில் முட்டி அங்கே அழுத்தம் கூடுகிறது. நூல்கள் எல்லாம் திறப்புக்குள் இழுபட்டன. வெளியேற வேண்டிய வழியில் காற்று நுழைகிறது.

திறப்பு முப்பது சென்டிமீட்டர் முன்னால் இருக்க வேண்டும். என் முதல் வரைபடத்தில் அங்கேதான் இருந்தது. அந்த இடத்தில் விளம்பரக் கம்பெனியின் பெயர் வர வேண்டும் என்றார் அணி இயக்குநர் குலசேகரன். பின்னால் தள்ளி வெட்டியது என் கை.

நாள் 211, 14:05

குலசேகரன்: "நாலு நூலக் காட்டி பந்தயத்த நிறுத்தச் சொல்றியா ஜெபா? வீட்ல துக்கம், புரியுது. போய்ப் படுய்யா."

நஸ்ரின்: "அண்ணா, நான் ஏறுறதுக்கு முன்னாடியே எனக்குக் குழி வெட்டாதீங்க. சூடானா உள்ள வந்துருவேன், பாத்துக்கறேன்."

பெனிட்டாவும் பார்த்துக்கொள்வதாகத்தான் சொன்னாள்.

நாள் 212, 07:30

கம்பெனி பெயரின் நடுவே அறுத்தேன். நான்கு எழுத்து போயிற்று. பழைய திறப்பைத் தகடு வைத்து மூடினேன். உள்ளே பூட்டிக்கொண்டு தடத்தில் இறங்குகிறேன். பேட்டரிச் சூட்டைப் பொது அலைவரிசையில் விட்டிருக்கிறேன். எல்லாரும் பார்க்கட்டும்.

08:02. சுற்று 5

அன்று இந்தச் சுற்றில் பெனிட்டாவின் பேட்டரி 81 டிகிரி. எனக்கு 57.

குலசேகரன்: "டேய், யார் வீட்டுக் காருன்னு எடுத்துட்டுப் போற? உள்ள வா. இல்ல, இங்கேருந்தே கரண்ட கட் பண்ணிருவேன்."

முடியாது. அந்த இணைப்பையும் அறுத்துவிட்டேன்.

08:11. சுற்று 9

அவளுக்கு 118. எனக்கு 57. திருப்பத்தில் கருகிய சுவரை இன்னும் யாரும் துடைக்கவில்லை.

நஸ்ரின்: "அண்ணா, எல்லாரும் பாத்தாச்சு. பழைய திறப்பு வச்ச காருல யாரும் ஏற மாட்டோம்னு சொல்லிட்டோம். போதும், வாங்க."

08:22. சுற்று 14

57.

நஸ்ரின் பிழைத்துக்கொண்டாள். நான் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. சூடு ஏறும் என்று ஒரு மூலையில் எதிர்பார்த்தேன். ஏறினால் காரணம் வேறு என்றாகும். என் கை இல்லை என்றாகும்.

08:40. சுற்று 22

57. காருக்குள் என் ஆக்சிஜன் தீரப்போகிறது, விளக்கு சிவப்பு.

நஸ்ரின்: "அண்ணா, யாரு மேல கோவம்? பதில் சொல்லுங்க. அண்ணா..."

சுற்று 23

ஏறு. ஏறித் தொலை.

சுற்று

57