நதீஷாவின் கல்யாணத்துக்கு ஆமி பாஸ்

2025 மார்ச் 4, செவ்வாய்

மகள் நதீஷா வேல்ஸிலிருந்து அனுப்பிய புத்தகம் வந்தது. அவள் கல்யாணம் கட்டப்போகிற கடற்கரை ஊரைப் பற்றி உல்லாசப் பயணிகளுக்காக அடித்தது. ஊரின் பெயரில் மருந்துக்கும் ஓர் உயிரெழுத்து இல்லை. முதலில் கிராமங்கள், பிறகு கடற்கரைகள், அதற்குப் பிறகு 'இராணுவ மரபுரிமை'. பீரங்கி மேடை, பங்கர், சுடுபயிற்சித் திடல். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமாம்.

மரபுரிமையாம்! நான் பிறந்த மயிலிட்டியில் எங்கட கரையில ஆமிக்காரர் இருபத்தேழு வருசம் குந்தியிருந்தாங்களே, அதுக்கும் ஒரு புத்தகம் அடிக்கிறதுதானே.

மனைவி றீற்றா படங்களைப் பார்த்துவிட்டு "வடிவான இடம்" என்கிறாள். இவளும் அங்கிருந்து உடுத்த துணியோடு என்னோடு ஓடிவந்தவள்தான்.

மார்ச் 9, ஞாயிறு

நதீஷா வீடியோவில் வந்தாள். கல்யாணம் ஜூன் 14. புத்தகத்தில் உள்ள ஊருக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை கரெத்தின் தகப்பன் இவானுடைய பூர்வீகக் கிராமத்துச் சிற்றாலயத்தில். அந்தக் கிராமத்துச் சனத்தை 1940இல் ஆமி வெளியேற்றிவிட்டுச் சுடுபயிற்சிக்கு எடுத்ததாம். இன்னும் விடவில்லை. ஆலயம் கம்பிக்கு உள்ளே. வருஷத்தில் ஒரு நாள் திறப்பார்களாம், அதுவும் முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும்.

"அப்ப பாஸ் எடுக்கவேணும்?"

"ஓம் அப்பா. ஜஸ்ற் அ ஃபோம், நிரப்பிக் குடுத்தாச் சரி."

"என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்கு நான் ஆமியிட்டப் பாஸ் கேக்கிறதோ? நான் வரேல்லை."

அவள் அழவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 10

போகமாட்டேன். எழுதியே வைக்கிறேன் — போகமாட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

இவான் போன் எடுத்தார். அவருடைய இங்கிலிஷும் என்னுடைய இங்கிலிஷும் ஒன்றோடொன்று முட்டுப்பட்டு, ஒரு மாதிரி விளங்கியது. அவருடைய தாய்க்கு ஞானஸ்நானம் கொடுத்தது அந்த ஆலயத்தில்தான். அந்த அம்மா ஆமியிடம் அனுமதி கேட்கமாட்டேன் என்று வீம்பாக நின்று, பிறகு ஒருநாளும் உள்ளே போகாமலே செத்துப்போனாராம். இவரும் கேட்டதில்லை. "எனக்கு எழுபத்தொன்பது வயது. உங்கள் மகள் கேட்கச் சொன்னாள். அவளுக்காக முதல்முறை கேட்டேன்" என்றார்.

மனுசன் நிம்மதியாகக் கோபப்படவும் விடுகிறார் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இங்கே ஸ்கார்பரோவில், மோர்னிங்சைட் நூலகத்துக் கம்பியூட்டரில் அந்தப் படிவத்தை நிரப்பினேன். மேலே ஆமியின் இலச்சினை. பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், பாஸ்போட் பிரதி. எழுத்துகளைக் குத்திக் குத்தி அடித்தேன். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். அனுப்பிவிட்டேன். வேலை செய்யும் பிறம்ரன் வெயர்ஹவுசில் லீவும் கேட்டாயிற்று.

மே 29, வியாழன்

என் பெயரை வெட்டிவிட்டார்கள். நான் எழுதிய பிறந்த இடம் பாஸ்போட்டில் இருப்பதோடு பொருந்தவில்லையாம். பட்டியலையும் மூடியாயிற்றாம்.

பாஸ்போட்டில் மயிலிட்டி. நான் எழுதியது சிலாபம்.

கொழும்பில் ஆமி மறித்துப் பிறந்த ஊரைக் கேட்கும்போதெல்லாம், சண்டை நடக்காத சிலாபத்தைச் சொல்லித்தான் தப்பினேன். மயிலிட்டி என்றால் ஏற்றிக்கொண்டு போவார்கள். முப்பது வருஷம் கழித்து ஆமிப் படிவத்தைக் கண்டதும் கை தன்பாட்டில் அதையே எழுதியிருக்கிறது. ஸ்கார்பரோவில் இருந்துகொண்டு!

றீற்றா கத்தினாள்: "உங்களுக்கென்ன விசரே? இஞ்ச ஆர் உங்களைப் பிடிக்கப்போறாங்கள்?"

நதீஷா அழுதாள். பிறகு சொன்னாள்: "நீங்கள் இல்லாமல் நான் உள்ளுக்குப் போகமாட்டன், அப்பா. வெளியில பீச்சில வைப்பம்."

மடையன். நான் ஒரு முழு மடையன்.

ஜூன் 19, வியாழன்

நேற்றுத் திரும்பி வந்தோம்.

கல்யாணம் கம்பி வேலிக் கேற்றுக்கு வெளியே, கூழாங்கல் கடற்கரையில் நடந்தது. காற்று றீற்றாவின் சேலையைப் படாதபாடு படுத்தியது. நதீஷா சிரித்துக்கொண்டே நின்றாள், அது போதும். ஆலயம் மேட்டில் சின்னதாகத் தெரிந்தது. பாஸ் வைத்திருந்த மற்றச் சனங்கள் வரிசையாக உள்ளே போனார்கள். இவானின் பாஸ் அவருடைய கோட்டுப் பையில் கிடந்தது.

"நீங்கள் போய் ஒருக்காப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று மன்றாடினேன்.

"என் மகனுடைய கல்யாணம் இங்கே நடக்கிறது" என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு மேட்டையே பார்த்தார்.

எண்பத்தைந்து வருஷம் அந்தக் குடும்பத்தை மறித்தது ஆமி. அன்றைக்கு மறித்தது நான்.

"சொறி" என்று மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினார். "உங்கள் கரையையும் ஆமி பிடித்ததென்று நதீஷா சொன்னாள். இன்னும் விடவில்லையா?" என்று கேட்டார்.

"விட்டு எட்டு வருஷம்."

"போய்ப் பார்த்தீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

வீட்டிலும் வேலையிலும் மூச்சுக்கு மூச்சு ஆமியைத் திட்டுகிறவன் நான். போகாமல் இருந்ததற்கு ஆமியைச் சாட்ட முடியவில்லை. கிழவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

றீற்றா பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டவள். இன்று காலையிலிருந்து கொழும்புக்கு விமான ரிக்கற் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் என் பாஸ்போட்டை எடுத்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.