மூன்றாம் தடத்து நாற்காலி

அன்பு மகள் கரினுக்கு,

முழங்காலைத் தவிர மற்றபடி அப்பா நலம். நீயும் மாப்பிள்ளையும் பெர்த் வெயிலில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே ஏரி முழுக்க உறைந்து கிடக்கிறது, கார் என்ஜினை ராத்திரியெல்லாம் கரண்டில் சூடேற்றி வைத்தால்தான் காலையில் அசைகிறது. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது, புதுசா ஒண்ணும் இல்லம்மா, பனிதான் என்று சொல்லிவிட்டேன். அது பொய். அதற்கு முந்தின நாள்தான் நான் ஒரு போட்டியில் கலந்துகொண்டேன், சிரிக்காதே. உன் அம்மா இருந்தவரை நீந்தப் போவாளே, அந்த உடற்பயிற்சி மையத்தில் உள்ளரங்க டிரையத்லான். பத்து நிமிடம் நீச்சல், முப்பது நிமிடம் நகராத சைக்கிள், இருபது நிமிடம் டிரெட்மில்லில் ஓட்டம். எவ்வளவு தூரம் போனோம் என்பதுதான் கணக்கு. அறுபத்தொன்பது வயதில் இது என்ன கூத்து என்று கேட்பாய். பெயர் கொடுத்த வாரம் கடைக்காரப் பெண் பை வேணுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். ஐந்து நாளில் நான் பேசிய பேச்சு அவ்வளவுதான். வெளியே வரும்போது வாசலில் இந்தப் போட்டியின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது கரின், உங்கள் நீச்சலை எண்ணுபவர் பெயர் என்று. ஆளாளுக்கு ஒருவரைக் கூட்டிவர வேண்டுமாம், அவர் நீச்சல் தடத்தின் முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு நீளம் என்று எத்தனை நீளம் ஆயிற்று எனக் குறிப்பாராம். யாரைக் கேட்பது? நம் ஊரில் பனியில் கார் மாட்டிக்கொண்டால் கேட்காமலே பத்துப் பேர் தள்ள வருவார்கள், ஆனால் சனிக்கிழமை காலையில் எனக்காக வந்து உட்காருங்கள் என்று வாய்விட்டுக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன், பிறகு உன் பெயரை எழுதிவிட்டேன்.

எழுதினால் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நான் நீச்சல் கால்சட்டையோடு தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நிற்க, ஒலிபெருக்கியில் மூன்றாம் தடத்துக்கு கரின், கரின் எங்கே என்று இரண்டு தடவை கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கார் நிறுத்தப் போயிருக்கா, இப்ப வந்துடுவா என்றேன். கூப்பிட்டது யார் தெரியுமா, மார்லிஸ். பள்ளிச் சமையலறையில் உன் அம்மாவோடு இருபது வருடம் வேலை செய்தவள், நீ எந்தக் கண்டத்தில் இருக்கிறாய் என்று என்னைவிட நன்றாக அறிந்தவள். அவள் விசிலை ஊதினாள், நீந்தத் தொடங்கினேன். சுவரைத் தொடும்போதெல்லாம் அந்தக் காலி நாற்காலி தெரிந்தது. நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு அழக்கூடாது, தண்ணீர் உள்ளேயே தேங்கிவிடுகிறது. மூன்றாவது நீளத்தை முடித்தபோது நாற்காலியில் மார்லிஸ் உட்கார்ந்திருந்தாள். கையை வீசுய்யா நார்மன், குளிக்கவா வந்தே என்று ஒரு அதட்டல் போட்டாள்.

சைக்கிளிலும் ஓட்டத்திலும் கடைசிதான், எண்பது வயதுக் கிழவர்கூட என்னை முந்தினார். முடிந்ததும் காப்பி கொடுத்தார்கள். மார்லிஸ் தாளை நீட்டினாள், நீச்சலில் ஒன்பது நீளம் என்று இருந்தது. பதினொன்று இல்லையா என்றேன். நான் உக்காந்ததுல இருந்து ஒன்பது, முதல் ரெண்டும் உன் பொண்ணு கணக்கு, அவ காரை நிறுத்திட்டு வந்ததும் கேட்டுக்கோ என்றாள். அவள் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

அந்த இரண்டையும் நான் நீந்தினேன் கரின், நீ எண்ணிக்கொள். நீ இங்கே இல்லாதது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. போனில் எனக்கு இது வாயில் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, மாப்பிள்ளையின் முதுகுவலிக்கு நல்ல டாக்டராகப் பார். கடவுள் உங்கள் இருவரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். அடுத்த பிப்ரவரிப் போட்டிக்கும் இப்போதே படிவம் வாங்கி வைத்திருக்கிறேன், எண்ணுபவர் பெயர்க் கட்டத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.

உன் அப்பா,
நார்மன்