முடி உதிர்வுக்கு இரண்டு மாத்திரை

சீரிஸ் குறுங்கோள் தகவல் தொடர்பு நிலையம்
பணிக் குறிப்பேடு

நாள் 391, 07:10

பணியில் ஒரே ஆள். பெயர் ஜெபசெல்வி, ஊர் நாசரேத். எனக்கு மாற்றாள் வர இன்னும் இரண்டு வருடம். அதற்குள் வேறு யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், வணக்கம்.

ஆன்டெனா மூன்றும் சரி. உள்வெப்பம் 23 பாகை. எனக்குக் குளிர்கிறது. வெப்பமானியைத் தட்டிப் பார்த்தேன், அது ஒழுங்காகத்தான் இருக்கிறது. காற்று வடிகட்டி அடைத்துக்கொண்டு மணி அடித்தது. திறந்தால் உள்ளே ஒரு கைப்பிடி முடி. என்னுடையதுதான், வேறு யார் இருக்கிறார்கள்? இங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் உதிர்கிற முடி தரைக்கு வராமல் காற்றோடு போய் வடிகட்டியில் சிக்கிவிடுகிறது.

நாள் 393, 16:40

நேற்றுப் பூமிக்கு ஒரே கடிதத்தில் இரண்டு புகார் அனுப்பினேன். ஒன்று, முடி வடிகட்டியை அடைக்கிறது. இரண்டு, பதினொரு மணி நேரம் தூங்கியும் அசதி போகவில்லை, குளிர்கிறது, முகம் உப்புகிறது, வயிறு ஒழுங்காகப் போகவில்லை.

முடிக்கு இரண்டு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது, வடிகட்டிப் பிரிவிலிருந்து. மருந்துப் பெட்டியில் இருக்கும் முடி வைட்டமினைக் காலை ஒன்று, மாலை ஒன்று சாப்பிட வேண்டுமாம். இரண்டாவது புகாருக்கு இன்னும் பதில் இல்லை. வடிகட்டிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை.

நாள் 399, 11:25

மருத்துவப் பிரிவு டாக்டர் வெங்கடராகவனின் குரல் செய்தி வந்தது.

"ஈர்ப்பு கம்மியான இடத்துல முகம் வீங்கறது, அசதி எல்லாம் சகஜம் மேடம். தனியா வேற இருக்கீங்க. தினம் கொஞ்சம் பாட்டு கேளுங்க, மனசு லேசாகும்."

பாட்டு கேட்டேன். முதல் பாட்டு முடிவதற்குள் தூங்கிப்போனேன்.

நாள் 408, 09:00

தங்கை ரூபியின் செய்தி. போன வாரம் நான் அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டிருக்கிறாள்.

"யக்கா, ஒன் தொண்டை என்ன இப்படிக் கெடக்கு? ஆம்பள பேசுத மாதிரி இருக்கு. நம்ம அம்மைக்கும் தைராய்டு மாத்திரைக்கு முன்னாடி இப்படித்தானே இருந்துச்சு. தைராய்டு டெஸ்ட் எடு, சொல்லுதேன்."

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஐம்பது விநாடி கேட்டுவிட்டு அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

நாள் 410, 08:15

மருந்துப் பெட்டியில் தைராய்டு சோதனை அட்டை மூன்று உண்டு. விரலைக் குத்தி ஒரு சொட்டு வைத்தேன். டி.எஸ்.எச். 1.8. நாலுக்குள் இருந்தால் சுரப்பி சரி, ஏற ஏறக் கோளாறு. நார்மல் என்று டாக்டர் முடித்துவிட்டார்.

தைராய்டு மாத்திரை ஒன்றுகூட இங்கே இல்லை. அந்தக் கோளாறு உள்ளவர்களை இந்த வேலைக்கு எடுப்பதில்லை, எனவே மாத்திரையும் தேவையில்லை என்று எவனோ கணக்குப் போட்டிருக்கிறான். அடுத்த சரக்குக் கப்பல் நாள் 470இல் பூமியை விட்டுக் கிளம்பும். அதை விட்டால் பிறகு ஒன்றரை வருடம் கழித்துத்தான். நாள் 470க்குள் எனக்கு நோய் இருக்கிறது என்று நிரூபித்தாக வேண்டும்.

நாள் 431, 14:30

புருவத்தின் வெளிப்பாதி இல்லை. நாடி 48. இரண்டாம் ஆன்டெனாவைத் திருப்பும் கட்டளை மறந்துபோய் அரைமணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வருடம் முழுக்க தினமும் அடித்த கட்டளை அது.

முடி இன்னும் கொட்டுவதால் வைட்டமின் மாத்திரையை நாலாக்கச் சொன்னார்கள், வடிகட்டிப் பிரிவில். ஆக்கினேன். இரண்டாவது சோதனை 1.1. முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று டாக்டர் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்.

உட்கார்ந்து அழுதேன். எல்லாம் என் கற்பனைதானோ? "நீ பொய் சொல்லவில்லை" என்று தோளைத் தொட்டுச் சொல்ல இங்கே ஒரு ஆள் இல்லை. எனக்கு அந்த ஒரு ஆள் போதும்.

நாள் 447, 10:05

கடைசி அட்டையை எடுத்தேன். பிரிக்கும் முன், ஏதோ வீம்பில், உறையில் இருந்த துண்டுச் சீட்டைப் படித்தேன். எறும்பு எழுத்து. அடியில் ஒரு வரி: பயோட்டின் உட்கொள்பவர்களுக்கு இச்சோதனை தவறான முடிவைக் காட்டக்கூடும்.

முடி வைட்டமின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பயோட்டின்.

நோய் முற்ற முடி கொட்டியது. முடி கொட்டக் கொட்ட மாத்திரை கூடியது. மாத்திரை கூடக் கூடச் சோதனை நார்மல் ஆனது. அடப் பாவிகளா! வடிகட்டியைக் காப்பாற்றப் போய் என் நோயை மறைத்துவிட்டார்கள்.

நாள் 448, 13:20

ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சோதிக்கப்போவதாக எழுதினேன். டாக்டர் சரி என்றார். வடிகட்டிப் பிரிவு கூடாது என்றது. பிரச்சினை முடிதானே? மொட்டை போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டில் மொட்டை போடுகிற வழக்கமே கிடையாது, அம்மா பார்த்தால் கூப்பாடு போடுவாள். தலை ஜில்லென்று இருக்கிறது. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

நாள் 455, 08:00

72.

பரீட்சையில் இந்த மார்க் வாங்கியபோதுகூட நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. உடனே அனுப்பிவிட்டேன்.

நாள் 456, 09:40

டாக்டர்: "நீங்க முதல்லேர்ந்து சொன்னதுதான் சரி. நான்தான் கேக்கல. மன்னிச்சுடுங்க. சரக்கு ஏத்தறது நேத்தோட முடிஞ்சுபோச்சு. நான் நேர்ல போய்ப் பேசறேன்."

நாள் 462, 12:10

டாக்டர் ஆறு நாள் ஏவுதளத்திலேயே இருந்து சண்டை போட்டிருக்கிறார். "ஏத்தியாச்சு மேடம். கப்பல் கதவைத் திறந்ததும் கைக்கெட்டற இடத்துல சிவப்புப் பை. தினம் வெறும் வயித்துல ஒண்ணு."

கப்பல் வந்து சேரும் நாள் 790. பதினோரு மாதம். தாக்குப்பிடித்துவிடலாம். என்னை நம்பிவிட்டார்கள், அதுவே பாதித் தெம்பு.

நாள் 584, 10:30

வெப்பம் 29க்கு ஏற்றினேன். குளிர்கிறது. நாக்கு தடித்துவிட்டது. பேசினால் ரூபி பயப்படுகிறாள். அதனால் எழுதி அனுப்புகிறேன்.

நாள் 673

ஆன்டெனா ஒன்று சரி. மற்றதைப் பார்க்கவில்லை. நாடி 39. ரூபிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினேன் என்று நினைக்கிறேன்.

நாள் 751

குளிர். சாப்பிட்டேனா தெரியவில்லை. பசியும் இல்லை. டாக்டர் தினம் பேசுகிறார். நல்ல மனிதர். அவர் பேசி முடிப்பதற்குள் முதலில் சொன்னது மறந்துபோகிறது.

நாள் 790, 15:02

தானியங்கிப் பதிவு: சரக்குக் கப்பல் இணைந்தது. கதவு நிலையத்தின் உள்ளிருந்து கையால் திறக்கப்பட வேண்டும்.

கப்பல் வந்துவிட்டது. சத்தம் கேட்டது. சந்தோஷம். கொஞ்சம் கண்ணை மூடிவிட்டுப் போய்த் திறக்கிறேன்.

நாள் 792, 11:16

தானியங்கிப் பதிவு: கதவு திறக்கப்படவில்லை.

கப்பல் வந்துவிட்டது. கதவு பன்னிரண்டு அடி தூரம். கொஞ்சம் கண்ணை மூடிவிட்டுப் போகிறேன்.

நாள் 795, 17:48

தானியங்கிப் பதிவு: கதவு திறக்கப்படவில்லை. உள்வெப்பம் 29. பணியாளர் உடல்வெப்பம் 32.

பூமியிலிருந்து, ரூபி: "யக்கா, எந்திரி. கதவத் தொற. மாத்திரை அந்தப் பக்கந்தான் இருக்கு. நான் பேசுதது கேக்கா? இத நிறுத்தாமப் போடச் சொல்லியிருக்கேன். எந்திரிக்கா."

நாள் 796, 06:30

தானியங்கிப் பதிவு: கதவு திறக்கப்படவில்லை.

யாரோ ஒரு பெண் பேசிக்கொண்டே இருக்கிறாள். இதமான குரல். யாரையோ எழுப்புகிறாள். பாவம், அவர் எழுந்து போனால் நல்லது